கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும் முறை

உலக வாகையர் பட்டத்தைத் தவிர்த்துப் பார்த்தால், சதுரங்க வீரர் ஒருவர் பெறக்கூடிய மிக உயர்ந்த பட்டம் கிராண்ட்மாஸ்டர் ஆகும். இதை வழங்கும் அமைப்பு, 1924இல் பாரிசில் தொடங்கப்பட்ட உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடே. 1950இல் முதன்முறையாக 27 பேருக்கு இப்பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. அவர்கள் அதுவரை செய்திருந்த சாதனைகளே அன்று அளவுகோலாக இருந்தன. இன்று அளவுகோல் முழுக்க முழுக்கக் கணக்குதான்.

பிடேயின் பொதுப் பட்டங்கள் நான்கு. எலோ தரப்புள்ளி 2200ஐ எட்டினால் கேண்டிடேட் மாஸ்டர், 2300ஐ எட்டினால் பிடே மாஸ்டர். இவ்விரண்டுக்கும் புள்ளி மட்டும் போதும். சர்வதேச மாஸ்டருக்கு 2400, கிராண்ட்மாஸ்டருக்கு 2500 என்பதோடு 'நார்ம்' எனப்படும் தகுதிநிலைகளும் தேவை. மகளிருக்கெனத் தனிப் பட்டங்கள் உண்டு. அவற்றின் எல்லைகள் இவற்றைவிட 200 புள்ளி குறைவு. பொதுப் பட்டங்களையும் பெண்கள் பெறலாம்.

புள்ளியை எட்டுவதே எளிதன்று. 2400ஐத் தொட்டுவிட்ட வீரருக்குப் புள்ளி மாறும் வேகம் குறைந்துவிடும். தனக்குச் சமமான ஒருவரை வென்றால் கிடைப்பது 5 புள்ளி மட்டுமே. தன்னைவிட 100 புள்ளி குறைந்தவரிடம் சமன் செய்தால் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி கையைவிட்டுப் போகும். ஆக 2400இலிருந்து 2500க்குப் போக, சமமானவர்களுடனான ஆட்டங்களில் தோல்விகளைவிட 20 வெற்றிகள் அதிகமாக வேண்டும். பல சர்வதேச மாஸ்டர்கள் ஆண்டுக்கணக்கில் இந்த இடைவெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு சலுகை உண்டு: 2500ஐ ஒரே ஒருமுறை, ஒரு போட்டியின் நடுவில் தொட்டாலும் போதும்.

நார்ம் என்பது ஒரே போட்டியில் காட்டும் ஆட்டத்திறன். பொதுவாக ஒன்பது சுற்றுகளில் 2600 புள்ளி வீரரின் தரத்தில் ஆட வேண்டும். எதிராளிகளின் சராசரி 2600 என்றால் நாலரைப் புள்ளி போதும். 2475 என்றால் ஆறு, 2380 என்றால் ஏழு வேண்டும். சராசரி 2380க்கும் கீழே போனால் நார்ம் கிடையாது. ஒன்பது எதிராளிகளில் மூவராவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். வீரரின் நாடு தவிர வேறு இரு நாட்டவராவது அவர்களுள் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இப்படிக் குறைந்தது 27 ஆட்டங்களுக்கு, அதாவது வழக்கமாக மூன்று நார்ம்கள் சேர வேண்டும்.

வீரர்கள் வெளிநாட்டுப் போட்டிகளைத் தேடிச் செல்வதற்கு இந்த விதிகள் ஒரு முக்கியக் காரணம். உள்ளூரில் எவ்வளவு வென்றாலும், எதிரே உட்காரும் ஆள் சரியில்லையென்றால் கணக்கு நிறைவேறாது. பயணச் செலவைக் குடும்பமே ஏற்கும்போது, கடைசிச் சுற்றில் நழுவும் அரைப் புள்ளிக்கு விலை அதிகம்.

எதிராளி யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையின் பிரக்ஞானந்தா நல்ல எடுத்துக்காட்டு. 2018 ஜூனில் இத்தாலியில் நடந்த போட்டியில், எட்டாம் சுற்றை வென்ற அவருக்குக் கடைசிச் சுற்றில் 2482க்கு மேற்பட்ட எதிராளி அமைய வேண்டியிருந்தது. 2514 புள்ளி கொண்ட நெதர்லாந்து வீரர் அமைந்தார்; ஆட்டம் தொடங்கும் முன்பே நார்ம் உறுதியாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 12.

அவருடைய அக்கா வைஷாலிக்கு நடந்தது வேறு. 2023 அக்டோபரில் கத்தாரில் மூன்றாவது நார்ம் கிடைத்தபோது புள்ளி 2500ஐ எட்டவில்லை. டிசம்பரில் ஸ்பெயின் போட்டியொன்றின் இரண்டாம் சுற்றில்தான் அதைத் தாண்டினார். கிராண்ட்மாஸ்டர்களான முதல் அக்கா–தம்பி இவர்கள்.

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன், 1961இல். முதல் கிராண்ட்மாஸ்டர் விசுவநாதன் ஆனந்த், 1988இல். இடையில் 27 ஆண்டுகள். அதற்குப் பின் 2025க்குள் எண்ணிக்கை 88 ஆனது.

அந்த 88ஆவது பட்டம் நார்ம் எதுவும் இல்லாமலேயே வந்தது. சில பெரிய போட்டிகளில் வெல்பவருக்குப் பட்டம் நேரடியாக வழங்கப்படும். 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதுமியில் மகளிர் உலகக் கோப்பையின் இறுதியில் கோனேரு ஹம்பியை வென்ற திவ்யா தேஷ்முக், அவ்வழியே கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தப் போட்டிக்குப் போகும்போது அவரிடம் ஒரு நார்ம்கூட இருக்கவில்லை.