பெட்டியில் 5,000 வாட்ஸ்... வீட்டில் எவ்வளவு?

கடந்த தீபாவளிக்கு முன்பு, கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்காக பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘5,000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த செட்டில் 50 வாட்ஸ் ஆர்எம்எஸ்தான். விலை ஏறக்குறைய ஒன்றே. யோசிக்கவே இல்லை, பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன்.

அப்பா போன பிறகு, காலையில் பழைய பாட்டுகள்தான் அம்மாவுக்குத் துணை. இரண்டு நாள் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சத்தம் நல்லா வருதுய்யா. பாட்டுதான் வரல.” உண்மைதான். ‘தும் தும்’ என்ற அதிர்வுக்குள் பாடகரின் சொற்கள் புதைந்து போயின.

செட்டைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பார்த்தேன். அது இழுக்கும் மின்சாரம் 60 வாட்ஸ்! நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக், 240 வோல்ட்டில் தொடர்ந்து தரக்கூடியதே சுமார் 3,100 வாட்ஸ்தான். பிறகு 5,000 எங்கிருந்து வந்தது?

பிஎம்பிஓ என்பது கண நேர உச்சத்தைக் காட்டும் கணக்கு. அதற்குப் பொதுவான அளவு விதி கிடையாது. ஆளுக்கொரு கணக்குப் போடலாம். இத்தகைய குழப்பத்தைத் தடுக்கவே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1974-இல் ஆம்ப்ளிஃபையர்களுக்கு விதி கொண்டுவந்தது.

அப்படியானால் எண்கள் எல்லாமே வீணா? இல்லை. எப்படி அளந்தார்கள் என்று சொல்லும் எண் உதவும். தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்ஸைப் பாருங்கள்; அதை எத்தனை விழுக்காடு ஒலிச்சிதைவில் அளந்தார்கள் என்றும் பாருங்கள். 10 விழுக்காட்டில் அளந்த 100 வாட்ஸும், 1 விழுக்காட்டில் அளந்த 100 வாட்ஸும் ஒன்றல்ல.

வாட்ஸ் இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும் என்று நினைக்க வேண்டாம். கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 50 வாட்ஸா, 60 வாட்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பதும் அப்படியே. பக்கத்தில் ‘±3 டெசிபல்’ போன்ற வரம்பு இல்லாவிட்டால், அந்த ஒலிகள் எவ்வளவு பலமாக வரும் என்று தெரியாது.

எந்தப் பெட்டியிலும் எழுதாத ஒன்று, நம் வீடு. அம்மா வீட்டு வரவேற்பறையில் டைல்ஸ் தரை, வெறும் சுவர். செட்டை மூலையில் வேறு வைத்திருந்தேன். மூலை, கீழ்த்தொனியை இன்னும் தூக்கிக் கொடுக்கும். செட்டை நகர்த்தி, தரையில் கம்பளம் விரித்தேன். அதிர்வு குறைந்தது, சொற்கள் மட்டும் முழுதாகத் தெளியவில்லை.

அடுத்த முறை அம்மாவையே அழைத்துப் போனேன். அவருக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகள் என் கைப்பேசியில். எண்களைப் பார்த்து நான் இரண்டு செட்டுகளைப் பொறுக்கினேன். கடைசித் தேர்வு அம்மாவின் காதுக்கு.

அவர் காட்டியது, அன்று நான் ஒதுக்கிய அதே 50 வாட்ஸ் செட். இப்போது காலையில் போன் செய்தால், பின்னணியில் பாட்டு கேட்கிறது. கூடவே, வரி பிசகாமல் அம்மாவின் குரலும்.