இருபத்து நான்கு அறைகளும் ஒரு குழாயும்

கிள்ளானிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பெங்களூரில் வசிக்கும் தம் தாய்மாமன் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போயிருந்தபோது, வாசலோரத்தில் விளையாட்டுச் சாமான் ஒன்று வளர்ந்துவிட்டாற்போல ஒரு சின்னஞ்சிறு காடி நின்றதாகவும், ‘ரேவா’ என்னும் அந்த மின்சார வண்டியை மாமன் விற்க மனமில்லாமல் வைத்திருப்பதாகவும் சொல்லி, இத்தகைய நூதன வண்டியின் உற்பத்தியை ஏன் நிறுத்தினார்கள், இனி அதனால் ஏதும் பிரயோஜனம் உண்டா என்று வினவியிருக்கிறார். அந்த வண்டியின்மேல் எனக்கு நெடுநாளைய பிரியம் உண்டாகையால், சற்று விஸ்தாரமாகவே விடை சொல்கிறேன்.

மின் மோட்டார் சுழலும் விதம் பள்ளிப் பாடம். அதை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மின்சாரக் காடி நேற்றுப் பிறந்தது என்று எண்ணுவோருக்காக ஒன்று சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் ‘டெட்ராய்ட் எலெக்ட்ரிக்’ என்னும் வண்டி 1907 முதல் 1939 வரை தயாராயிற்று. பெட்ரோல் வண்டிகளால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையாரே, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையின்றி அதில்தான் பவனி வந்தார். 1912-இல் பெட்ரோல் வண்டியைத் தானாகக் கிளப்பும் கருவி வந்து, அவ்வண்டிகளின் விலையும் சரியவே, மின்வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

நம்மவர் பக்கத்தில் இம்முயற்சி தாமதமாகவே தொடங்கிற்று. கேரளத்துச் சாலக்குடியில் இயங்கிய நிறுவனமொன்று ஜப்பானிய யாஸ்காவாவின் துணையோடு ‘லவ்பேர்ட்’ என்னும் இருவர் அமரும் வண்டியைச் செய்து 1993-இல் டில்லிக் கண்காட்சியில் வைத்தது. விற்றவை மிகச் சிலவே. அதற்கு மறு ஆண்டு, பெங்களூர் மைனி குழுமத்தார் கலிஃபோர்னியாவின் அமெரிகான் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ரேவா கம்பெனியைத் தோற்றுவித்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த காலத்தில் சூரிய சக்தியால் ஓடும் பந்தய வண்டியொன்றின் குழுவில் உழைத்த சேத்தன் மைனியின் மனோரதம் அது. ஏழாண்டு உழைப்புக்குப் பின் 2001-இல் விற்பனைக்கு வந்த வண்டி, 2004 முதல் லண்டனில் ‘ஜி-விஸ்’ என்ற நாமத்தோடு ஓடி, நகரின் மையத்தில் நுழைவோர் கட்ட வேண்டிய நெரிசல் கட்டணம் தனக்கில்லை என்னும் சலுகையால் அன்பர்களைத் திரட்டிக்கொண்டது.

இரண்டரை மீட்டரைச் சற்றே தாண்டிய நீளம்; முன்னே பெரியவர் இருவர், பின்னே பிள்ளைகள் இருவர்; வீட்டுச் சுவரிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் இரவு மாட்டிவைத்தால் மறுநாள் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டம். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து திரும்ப அது போதும். இவையெல்லாம் யாவரும் அறிந்த விசேஷங்கள். என் சிந்தை லயிப்பது வேறொன்றில்: முன்னிருக்கைகளின் அடியில் வரிசையாக வைத்திருந்த எட்டு ஈய பேட்டரிகளுக்குத் தண்ணீர் வார்க்கும் ஏற்பாட்டில்.

என் தந்தையார் செந்தூல் ரயில் பணிமனையில், பிரயாணிகள் பெட்டிகளின் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் பேட்டரிகளைப் பராமரிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். கந்தகத் திராவகம் தெறித்துத் தெறித்து, அவருடைய காக்கிக் கால்சட்டையின் முழங்காலுக்கு மேலே ஊசிக்கண் அளவில் எண்ணற்ற துவாரங்கள் விழுந்திருக்கும். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரியின் வாயில் நுழைத்து, குமிழை அமுக்கி விட்டார். உள்ளே ஏறிய திரவத்தில் சிறு மிதவை ஒன்று நிமிர்ந்து நின்றது. “1280 கோட்டுல நின்னா வயிறு நெறஞ்சிருக்கு, 1150-க்கு எறங்கிட்டா பசியில இருக்கு” என்றார். பின்பு அவர் சொன்னதுதான் இன்றும் என் காதில் நிற்கிறது: “பேட்டரி தண்ணிய சார்ஜ் ஏத்துன பிறகுதான் ஊத்தணும்டா, முன்னாலேயே ஊத்துனா பொங்கி வழிஞ்சிடும்.”

அதன் காரணம் இது. மின்னேற்றம் முடியும் தறுவாயில் மிகுதியாகும் சக்தி, பேட்டரிக்குள்ளிருக்கும் ஜலத்தை இரண்டு வாயுக்களாகப் பிரித்து வெளியேற்றுகிறது. அந்த வாயுக்கள் குமிழ்களாய் எழும்போது மட்டம் உயர்வதால்தான், முன்பே நிரப்பிய நீர் பொங்கி வழிகிறது. திராவகமோ உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்ததை நிரப்பத் திராவகம் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரே வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள இரும்பும் குளோரைடும் தகடுகளுக்கு நஞ்சு. நீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தாலும், மின்னிறங்கிய நிலையில் பேட்டரியை வாரக்கணக்கில் கிடத்திவைத்தாலும், தகட்டின்மேல் வெண்ணிற உப்புப் படிந்து கல்லாய் இறுகும். அப்படி இறுகிய இடத்துக்கு மீண்டும் உயிர் வருவது அரிது.

ரேவாவின் எட்டு பேட்டரிகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று அறைகள். ஆக இருபத்து நான்கு வாய்கள். இருக்கையைப் புரட்டி, மூடிகளைத் திருகி, ஒவ்வொன்றிலும் சிந்தாமல் அளவறிந்து வார்ப்பதென்றால், கார்த்திகை தீபத்தன்று எங்கள் பாட்டி வாசல் நெடுக ஏற்றிய அகல்களுக்கு ஒவ்வொன்றாகக் குனிந்து எண்ணெய் வார்த்த கதைதான். பெங்களூர்ப் பொறியாளர்களோ, ஐந்து முகத்துக்கும் ஒரே கிண்ணத்தில் எண்ணெய் வார்க்கும் குத்துவிளக்கைப்போல, எல்லா அறைகளையும் மெல்லிய குழாய்களால் பிணைத்து, ஒரே வாயில் நீர் வார்த்தால் போதும் என்னும்படி செய்துவைத்தார்கள். அறை நிறைந்ததும் உள்ளிருக்கும் மிதவை எழும்பி வழியை அடைத்துக்கொள்ளும். துன் சம்பந்தன் சாலையில் பித்தளை விளக்குகள் அடுக்கிய கடையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய் ஞாபகத்துக்கு வருகிறது.

எனினும் குத்துவிளக்கில் ஒரு திரி அணைந்தால் மற்றவை எரியும், இங்கே அப்படியல்ல. 48 வோல்ட் கிடைப்பதற்காக இருபத்து நான்கு அறைகளும் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. ஒரு மிதவை சிக்கி, ஓர் அறை மட்டும் வறண்டால், அந்த ஓர் அறையின் பலவீனமே வண்டி முழுவதற்கும் எல்லையாகிவிடும். குழாய் இருக்கிறதே என்று திறந்து பாராமல் விட்டவருக்கு ஓட்டம் 80-லிருந்து 50 ஆகி, 30 ஆகி, கடைசியில் முச்சந்தியில் நிற்கும்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். ரேவாவின் மோட்டாரில் குற்றமில்லை. அதனைக் கீழே இழுத்தது ஈயந்தான். வண்டி எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பேட்டரியே. அதுவும் சுமார் மூன்றாண்டில் தேய்ந்துபோக, புதிதாக மாற்றுவதற்கான கிரயத்தைக் கேட்டவர்கள் பின்வாங்கினார்கள். இந்தியாவில் அதனையொத்த பணத்துக்கு அதிக இடமும் அதிக வேகமும் உள்ள பெட்ரோல் வண்டி கிடைத்தது. ஐரோப்பாவிலோ இது காராகப் பதிவாகாமல் இலேசான நாற்சக்கர வண்டியாகப் பதிவாகி, கார்களுக்குரிய மோதல் பரீட்சையினின்று விலக்குப் பெற்றிருந்தது. 2007-இல் பிரிட்டனில் மோதவைத்துப் பார்த்தபோது பலருக்கு அச்சம் பிறந்தது. லித்தியம் பேட்டரி வைத்த வகை 2009-இல் வந்தது. 2010-இல் மகிந்திரா நிறுவனம் பெரும்பங்கை வாங்கிற்று. 2012-இல் ரேவாவின் உற்பத்தி நின்று, அடுத்த ஆண்டு ‘இ2ஓ’ என்னும் புதிய வண்டி அதன் இடத்துக்கு வந்தது. உலகெங்கும் விற்ற ரேவாக்கள் நாலாயிரத்துச் சொச்சம்.

ஆயினும் அவை விற்கப்பட்டன என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை செய்த 1,117 ‘இவி1’ வண்டிகளும் குத்தகைக்கே தரப்பட்டன. விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஓட்டியவர்கள் மன்றாடியும், அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். வாசகரின் மாமன் வாசலில் ஒரு ரேவா நிற்க முடிகிறதென்றால், அது அவருடைய சொந்தம் என்பதே காரணம்.

சொந்தமென்றால் கடமையும் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பட்டறையில் என் பெட்ரோல் காடியின் பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீரையே ஊற்றினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாம் தண்ணீர்தானே என்றார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய பேட்டரி காலிமனையில் கிடப்பதையும் கண்டிருக்கிறேன். நம் மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனை அட்டவணையிட்ட கழிவாக வகுத்திருக்கின்றன. மண்ணில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். கைவிடுகிற பொருளையும் முறையறிந்து கைவிட வேண்டும்.

இன்று நம் புரோட்டோன் நிறுவனமே, 2024 டிசம்பரில் ‘இ.மாஸ் 7’ என்னும் மின்காடியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதிலுள்ள லித்தியம் பேட்டரிக்கு நீர் வார்க்க வேண்டியதில்லை. அது முத்திரையிட்ட பெட்டி. ஆகவே சிரத்தை உரிமையாளர் கையை விட்டுச் செய்பவர் கைக்கு மாறியிருக்கிறது. 2013-இல் இங்கே விற்பனைக்கு வந்த ‘ஐ-மீவ்’ என்னும் மின்வண்டியைச் சாலையில் காண்பது இன்று அபூர்வம். உற்பத்தி நின்ற பின்னும் உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் அறிவும் கிடைக்கும் என்ற உறுதியை வாங்குகிறவர்கள் வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கிள்ளான் அன்பருக்கு: மாமனிடம் சொல்லுங்கள். முன்னிருக்கையைத் தூக்கச் சொல்லுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம், காற்றோட்டம் வேண்டும். குழாயை நம்பாமல் இருபத்து நான்கு மூடிகளையும் திறந்து, எந்த அறையிலேனும் தகடு தெரிந்தால் அது மூழ்குமளவு மட்டும் வடித்த நீர் விட்டு, இரவு முழுதும் மின்னேற்றட்டும். மீதி நீரைக் காலையில் வார்க்கலாம்.