கந்தகத் தண்ணி, கல்யாணத் தரகர்: லிஸ்டூன்வார்னாவின் கதை

இன்னைக்கு அயர்லாந்தோட மேற்குக் கரைக்குப் போறோம். கிளேர் கவுண்டியில லிஸ்டூன்வார்னான்னு ஒரு குட்டி ஊர். செப்டம்பர் வந்தா அங்க ஜோடி தேடுற திருவிழா. ஆயிரக்கணக்குல ஆளுங்க வர்றாங்க. ஏன் இந்த ஊர், ஏன் செப்டம்பர்? இதுதான் என்னைக் குடைஞ்ச கேள்வி.

ஆரம்பம் தண்ணியில இருக்கு. பக்கத்துல பர்ரன், மொட்டைச் சுண்ணாம்புப் பாறை. ஆனா ஊர் உட்கார்ந்திருக்கிறது களிமண் பாறை மேல. அதுல இரும்பும் கந்தகமும் உண்டு. அதனால ஒரு ஊத்துல இரும்புத் தண்ணி, இன்னொண்ணுல அழுகின முட்டை நாத்தம். மூட்டுவலிக்கு நல்லதுன்னு 19ஆம் நூற்றாண்டுல கூட்டம் குவிஞ்சது. 1887ல மேற்கு கிளேர் ரயில் வந்துச்சு. எனிஸ்டைமன்ல இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டி.

விவசாயிகளுக்கு அறுவடை முடியறது செப்டம்பர்ல. கையில காசு, கொஞ்சம் ஓய்வு. வலிக்குத் தண்ணி குடிக்க வந்தவங்க, அப்படியே பிள்ளைங்களுக்கு வரன் பேச ஆரம்பிச்சாங்க.

அந்தப் பேச்சு ஏன் அவ்வளவு முக்கியம்? 1845ல தொடங்கின பஞ்சத்துக்கு முன்னாடி நிலத்தைப் பிள்ளைங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. பஞ்சம் பயத்தைக் கத்துக் கொடுத்துச்சு. அப்புறம் ஒரே மகனுக்குத்தான் மொத்த நிலமும். அதுவும் அப்பா எழுதிக் கொடுக்கிற வரைக்கும் கல்யாணம் கிடையாது. நாப்பது வயசு மாப்பிள்ளை சகஜம். மத்த பிள்ளைங்களுக்கு அமெரிக்கக் கப்பல், இல்லன்னா தனிக்கட்டை வாழ்க்கை.

இந்த இடத்துலதான் தரகர் வர்றார். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, பொண்ணு வீட்டு வரதட்சணை எவ்வளவு, எல்லாம் அவர் வாய்வழியா. மருமகள் கொண்டு வர்ற பணம் பல வீடுகள்ல மாப்பிள்ளையோட தங்கச்சிக்கு வரதட்சணையாப் போகும். அதே காசு வீடு வீடா சுத்துது! பொண்ணோட விருப்பத்தைக் கடைசியாத்தான் கேட்டாங்க. அதனால இதை ரொமான்டிக்கா பார்க்க எனக்கு மனசு வரல. ஆனா ஒண்ணு, யார் சொத்துக் கணக்குல புளுகுறாங்கன்னு தரகருக்குத் தெரியும். என் ஃபோன்ல இருக்கிற ஆப்புக்கு அது தெரியாது.

இப்ப அங்க பிரபலமான தரகர் வில்லி டேலி. தரகு வேலை அவங்க குடும்பத்தொழில், குதிரைகளும் வளர்க்கிறவர். அவர்கிட்ட தலைமுறையா வந்த ஒரு பழைய பேரேடு இருக்கு. ரெண்டு கையாலயும் தொட்டா ஆறு மாசத்துல காதலோ கல்யாணமோ கூடிவரும்னு நம்பிக்கை.

2013ல ஒருபாலீர்ப்பாளர்களுக்கும் தனியா ஒரு வார இறுதி ஆரம்பிச்சாங்க. திருவிழா நாள்ல மதியமே டான்ஸ் களைகட்டிடும். இருபது வயசுக்காரங்க பக்கத்துல அறுபது வயசுக்காரங்களும் ஆடுறாங்க.