கணக்கறிந்த செவிலியர்

அம்மையார்குப்பத்தில் தறி நெய்யும் அங்கத்தினர் ஒருவரின் மகள் செவிலியர் படிப்பை முடித்து வருகிறாள் என்று கொள்வோம். மருத்துவமனையில் கணினிப் பதிவுகளைக் கவனிக்கும் உத்தியோகத்திற்கு அவளை அனுப்பலாமா என்று தகப்பனார் கேட்பாரானால், அனுப்பலாம். ஆனால் முதலில் நோயாளியின் கட்டிலருகே அவள் சில ஆண்டுகள் நிற்கட்டும் என்போம்.

நூலின் நம்பர் அறியாதவர் எழுதிய இருப்புப் புத்தகம் எவ்வளவு தொல்லை தரும் என்பது நம் சங்கங்கள் அறியாததன்று.

தமிழ்நாட்டில் கருவுற்ற தாய்மார்கள் 'பிக்மி' என்னும் கணினிப் பதிவில் சேர்க்கப்பட்டு, 12 இலக்க எண் பெறுகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் பல. பேறுகாலத்திற்கு வேறூர் செல்லும் பெண்ணைப் பற்றி அவ்வூர் மருத்துவருக்குச் சொல்வது அப்பதிவே. ஹீமோகுளோபின் 6 என்பது 11 என்று ஏறிவிட்டால், முன்கூட்டி இரத்தம் தேடி வைக்க எவருக்கும் தோன்றாது. வெளுத்த கண்ணிமையைக் கண்டு பழகியவளே அவ்வெண்ணை ஐயுறுவாள்.

இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021இல் திருத்திய நான்காண்டு பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் சுகாதாரத் தகவலியலும் ஒரு பாடம். மூன்றாண்டு டிப்ளமா பெற்றவர்கள் மேலும் இரண்டாண்டு பயின்று பட்டம் பெறலாம். அமெரிக்காவில் 1992இலேயே இது தனித்துறையாக ஏற்கப்பட்டது. அங்கும் சான்றிதழ்த் தேர்வு எழுத இரண்டாண்டுச் செவிலியர் பணி வேண்டும்.

இரவு முறை உண்டே என்று தாயார் தயங்கலாம். தயக்கம் நியாயமே, ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அதனைத் தவிர்க்க வழியில்லை.