கணினிப் படிவத்திற் பிறந்த திகதி

படிவமொன்றிற் பிறந்த திகதியை நிரப்புதல் சிறு காரியமாகவே தோன்றும். அதனைப் பெற்றுச் சரிபார்க்கும் கணினி நிரலுக்கோ அஃது எளிதன்று. செட்டிபாளையத்தில் 1979ஆம் ஆண்டு மார்ச் 1ஆந் திகதி பிறந்த ஓர் ஆடவரைக் கொள்க. அவர் பிறந்தது அவ்வாண்டின் 60ஆம் நாள். எனினும் அவருடைய பழைய தேசிய அடையாள அட்டையின் இலக்கம் 79061 எனத் தொடங்கும். பெண்ணாயின் 500 கூட்டப்பெற்று 79561 என வரும். எல்லா ஆண்டிற்கும் 366 நாள் எனக் கொண்டு, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் அளித்தே இவ்விலக்கம் ஆக்கப்பட்டது. 2016 முதல் ஆண்டு நான்கு இலக்கமாக எழுதப்பட, அட்டை எண் 12 இலக்கம் பெற்றது, நாட்கணக்கு மாறவில்லை.

இதனை அறியாத நிரலாளர் 61ஆம் நாளை வழக்கமான முறையில் மாற்றின், மார்ச் 2 என விடை வரும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளவாறே எழுதியவர் பொய்யராகிவிடுவார். பரீட்சை விண்ணப்பமோ ஓய்வூதியப் படிவமோ அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களிற் பிறந்தோர்க்கும், நெட்டாண்டிற் பிறந்தோர்க்கும் இவ்வழு தோன்றாது. ஆகவே, நிரலைச் சோதித்தவர் ஜனவரியிற் பிறந்த தம் நாளை மட்டும் இட்டுப் பார்த்துத் திருப்தியுற்றிருப்பின், வழு நெடுங்காலம் மறைந்தே கிடக்கும்.

இதற்கு மறுதலையான குறை, இல்லாத நாளை ஏற்றல். ஆண்டு, மாதம், நாள் என்பவற்றைத் தனித்தனி எண்களாகக் கொண்டு 2023 பெப்ரவரி 30 எனக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் திகதிக் கருவி மறுப்பதில்லை. மிகுந்த இரு நாட்களையும் அடுத்த மாதத்திற் சேர்த்து மார்ச் 2 என வைத்துக்கொள்ளும். எசமானரின் பிழையை வாய்திறவாது மூடிமறைக்கும் ஊழியர் செயல் இது! உருவாகிய திகதியை மீண்டும் பிரித்து, எழுதியவர் தந்த எண்களோடு ஒப்பிடுதலே தக்க சோதனை. வேறுபடின், தானே திருத்தாது அவரையே மீண்டும் கேட்டல் வேண்டும். நெட்டாண்டை நான்கால் வகுத்து மட்டும் துணிதலும் போதாது: 2000 நெட்டாண்டு, 1900 அன்று. எக்செல் செயலியோ 1900ஐயும் நெட்டாண்டாகவே எண்ணுகின்றது.

இத்தனை சோதனைக்கும் அகப்படாத பிழையொன்று உண்டு. இலங்கையில் மார்ச் மாதத்தைத் தமிழிற் பங்குனி என்றும் எழுதுவர். பஞ்சாங்கத்துப் பங்குனி பிறப்பதோ மார்ச் நடுவில். சாதகக் குறிப்பிலுள்ள பங்குனி முதல் நாளை மார்ச் 1 என எழுதுபவர் இரு கிழமை தவறுவர். மார்ச் 1 உள்ள நாளேயாதலின் கணினி அதனைத் தடையின்றி ஏற்கும். திகதிக் கட்டத்தின் மேல் ‘பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளவாறு’ என்று அச்சிட்டு வைத்தலன்றி இதற்கு நிரலிற் பரிகாரமில்லை.