பட்டத்து நூலும் உன் கவனமும்

சுட்டிப் பிள்ளையே, "கணக்குப் போடும்போது மட்டும் மனசு ஏன் ஜன்னலுக்கு வெளியே ஓடுது?" என்று கேட்டாயே, அருமையான கேள்வி! பெரிய பெரிய விஞ்ஞானிகளும் கேட்ட கேள்விதான் இது.

உன் நெற்றியைத் தொட்டுப் பார். அந்த எலும்புக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் பெயர் முன்னெற்றிப் புறணி. 48ஐ 7ஆல் பெருக்குகிறாய். எட்டேழு ஐம்பத்தாறு, 6 எழுதி மீதி 5. அந்த 5ஐ எங்கே வைத்திருக்கிறாய்? இங்கேதான். இங்குள்ள நரம்பு செல்கள் ஒன்றையொன்று விடாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். தூண்டுவது நின்றால் 5 மறந்துபோகும், மனசும் ஜன்னலுக்கு வெளியே ஓடிவிடும். புரிகிறதா?

இந்தத் தூண்டுதல் நடக்க இரண்டு வேதிப்பொருள்கள் முக்கியம்: டோபமின், நார்அட்ரினலின். இரண்டும் மூளையின் அடிப்பக்கத்திலிருந்து வருகின்றன. நார்அட்ரினலினைப் பெரும்பாலும் அனுப்பி வைப்பது மூளைத்தண்டில் உள்ள நீலநிறச் சின்னஞ்சிறு புள்ளி ஒன்று.

1979இல் அமெரிக்காவில் பட்ரீஷியா கோல்ட்மன்-ராகிச்சும் அவருடைய கூட்டாளிகளும் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இந்த முறை இடப்பக்கம் தேடினால் அடுத்த முறை வலப்பக்கம் தேட வேண்டும்; அப்போதுதான் தின்பண்டம் கிடைக்கும். நடுவில் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். முன்னெற்றிப் புறணியில் டோபமினை வெகுவாகக் குறைத்ததும் குரங்குகள் தடுமாறின. அந்தப் பகுதியையே எடுத்துவிட்டது போல அவ்வளவு தடுமாற்றம்! டோபமினை ஈடுகட்டும் மருந்து கொடுத்ததும் தேறின. பாவம் அந்தக் குரங்குகள். நமக்குத் தெரிந்ததில் எவ்வளவோ அவை பட்ட பாட்டில் வந்ததுதான்.

"அப்படியானால் இந்த வேதிப்பொருள்கள் நிறைய இருந்தால் ரொம்ப நல்லதா?" என்று கேட்பாய். கெட்டிக்காரன்தான்! ஆனால் விஷயம் அப்படியில்லை. நீ பட்டம் விட்டிருக்கிறாய் அல்லவா? நூல் தொய்ந்தால் பட்டம் விழும். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துவிடும். இதுவும் அப்படித்தான். தூக்கம் வரும்போது நார்அட்ரினலின் குறைவு, நூல் தொய்கிறது. பயந்து நடுங்கும்போது அது மிகுதி, நூல் விறைக்கிறது.

மிகுதியானால் ஏன் கெடுகிறது? இதை விளக்கியவர்களில் முக்கியமானவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன். செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்கள் அவை. நார்அட்ரினலின் அளவாக வந்தால் ஒரு வகை ஏற்பியில் ஒட்டும். செல்களுக்கு நடுவே தொடர்பு பலப்படும். அளவுக்கு மீறி வந்தால் வேறு வகை ஏற்பியிலும் ஒட்டும், தொடர்பு தளர்ந்துவிடும். அளவைப் பொறுத்து, ஒரே பொருள் எதிரெதிராக இரண்டு வேலை செய்கிறது! இன்னொரு முறை படித்துப் பார், அவசரமில்லை.

பரீட்சையில் பயந்து மறந்துபோன விடை, மணி அடித்து வெளியே வந்ததும் பளிச்சென்று வந்ததுண்டா? விடை எங்கும் போகவில்லை. பயம் தணிந்தது, நார்அட்ரினலின் இறங்கியது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் செல்கள் மறுபடி பேச ஆரம்பித்தன.

இன்னொன்றும் தெரிந்துகொள். இந்தப் பகுதி ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். "அண்ணன் மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்து படி" என்று அம்மா சொன்னால், இதை மெல்ல எடுத்துச் சொல்.