கூட்டு வணிகம்: நுழையுமுன் வெளியேறும் வழி

முன்னுரை

வீடு கட்டுவோர் தலைவாயிலை மட்டும் வைத்துக் கட்டுவதில்லை. கொல்லைப்புறத்திலும் ஒரு வாயில் வைக்கின்றனர். ஆனால், நண்பர்களோ உடன்பிறந்தோரோ கூடி வணிகம் தொடங்கும்போது நாம் நுழைவாயிலை மட்டுமே எண்ணுகின்றோம். கடையின் பெயர், இடம், முதல், சரக்கு ஆகிய அனைத்தையும் பேசி முடிக்கின்றோம். ‘பிரிய நேர்ந்தால் என் செய்வது?’ என்னும் வினாவை எவரும் எழுப்புவதில்லை. நற்செயலின் தொடக்கத்தில் அத்தகைய பேச்சு ஆகாது என்பது நம்மவர் எண்ணம். திருக்குறளில் ‘வினைசெயல்வகை’ என்றோர் அதிகாரமே உண்டு. செயலின் முடிவையும் இடையூற்றையும் ஆராய்ந்தே அதில் இறங்குக என்பது அங்கு வற்புறுத்தப்படும் கருத்துகளுள் ஒன்று. ஆகவே, வெளியேறும் வழியை முன்னரே வகுத்துக்கொள்வது நண்பரை ஐயுறுவது ஆகாது.

நாம் எழுதாததைச் சட்டம் எழுதும்

நம் நாட்டில் நிறுமமாகப் பதியாமல் பலர் கூடி நடத்தும் வணிகம் பெரும்பாலும் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்திற்கு உட்பட்டது. கூட்டாளிகள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளாத இடங்களில் அச்சட்டத்தின் பொதுவிதிகளே செல்லும். அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

பங்கு விகிதம் குறிக்கப்படவில்லையெனில், எவர் எவ்வளவு முதல் இட்டிருப்பினும் இலாபமும் நட்டமும் சமமாகவே பகிரப்படும். கால அளவோ முடிக்கும் முறையோ குறிக்கப்படாத கூட்டாண்மை ‘விருப்பக் கூட்டாண்மை’ எனப்படும். அதனை, கூட்டாளி ஒருவர் ஏனையோர்க்கு எழுத்து மூலம் அறிவித்தே கலைத்துவிடலாம். கூட்டாளி ஒருவர் இறந்தாலும், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, நிறுவனம் கலைந்துவிடும். நன்கு நடந்துவந்த கடையும் ஒரே நாளில் கணக்குத் தீர்க்கும் நிலைக்கு வந்துவிடும்.

விலகியவரின் பொறுப்பும் உடனே தீர்வதில்லை. விலகல் குறித்துப் பொது அறிவிப்பு வெளியாகும் வரை, நிறுவனத்தின் செயல்களுக்கு அவரும் வெளியார்க்குப் பொறுப்பாளராகவே கருதப்படுவார். பதிவு பெற்ற நிறுவனமாயின் பதிவாளர்க்குத் தெரிவிப்பதோடு, அரசிதழிலும் அம்மாவட்டத்தில் வழங்கும் வட்டாரமொழிச் செய்தித்தாள் ஒன்றிலேனும் அறிவிப்பை வெளியிடல் வேண்டும். வங்கிக் கடனுக்குப் பிணைக் கையொப்பம் இட்டவர், கடையை விட்டு விலகியதனால் மட்டும் அப்பிணையினின்று விடுபட்டுவிடுவதில்லை. வங்கியிடம் எழுத்து மூலம் விடுதலை பெறுதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

உடன்பிறந்தோர் இருவர் ஒரு துணிக்கடை நடத்துவதாகக் கொள்வோம். அண்ணன் இட்ட முதல் ரூ. 2,00,000; தம்பி இட்டது ரூ. 1,00,000. பின்னர் அண்ணன் கடைக்குக் கடனாகவும் ரூ. 1,00,000 கொடுத்தார். ஒப்பந்தம் ஏதும் எழுதப்படவில்லை. கடையை மூடி, சரக்கு முதலியவற்றை விற்றதில் ரூ. 5,00,000 கிடைத்தது. வெளியார்க்குத் தரவேண்டியது ரூ. 3,00,000.

சட்டப்படி முதலில் வெளியார் கடன் தீர்க்கப்படும். அடுத்து, அண்ணன் தந்த கடன் ரூ. 1,00,000 திருப்பப்படும். எஞ்சுவது ரூ. 1,00,000. இருவர் முதலும் சேர்ந்து ரூ. 3,00,000 ஆதலின் நட்டம் ரூ. 2,00,000. அது சமமாகப் பிரிக்கப்படுவதால் ஆளுக்கு ரூ. 1,00,000 நட்டம். அண்ணனின் முதலில் ரூ. 1,00,000 திரும்பும், தம்பிக்கு ஒன்றுமில்லை! முதலுக்கேற்பப் பகிர்ந்தால் ரூ. 33,333 வருமே என்று எண்ணியிருந்த தம்பி, அண்ணன் தம்மை ஏமாற்றிவிட்டார் என்றே கருதுவார். உண்மையில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. பேசாமல் விட்ட ஒரு சொல்லே பகைக்கு வித்தாயிற்று.

முன்னரே எழுத வேண்டுவன

முதலாவது, எல்லை. எத்தனை ரூபாய் நட்டம் வரை தாங்குவது, எத்தனை திங்கள் வாடகையும் வட்டியும் வருவாயில் அடங்காவிடில் கடையை மூடுவது என்பதை எண்ணால் குறித்தல் வேண்டும். எல்லை இல்லாதவிடத்து, ‘அடுத்த பண்டிகையில் தேறிவிடும்’ என்னும் நம்பிக்கை வீட்டு நகையையும் விழுங்கிவிடும். கூட்டாண்மையில் பொறுப்பு வரம்பற்றது. நிறுவனச் சொத்துப் போதாவிடில் கடன் கூட்டாளியின் சொந்தச் சொத்தையும் தொடரும்.

இரண்டாவது, மதிப்பீடு. சரக்கு, வாடகை முன்பணம், வரவேண்டிய பாக்கி, கடையின் நற்பெயர் ஆகியவற்றை எவர், எம்முறையில், எந்நாளைய கணக்கின்படி மதிப்பிடுவது என்பதைக் குறித்தல் நன்று.

மூன்றாவது, விலகுவோரின் பங்கை வாங்கும் உரிமை யாருக்கு, தொகையை எத்தனை தவணையில் தருவது என்பன. கணக்கைத் தீர்க்காமலே எஞ்சியோர் நிறுவனச் சொத்தைக் கொண்டு வணிகத்தைத் தொடர்ந்தால், தம் பங்கினால் விளைந்த இலாபத்தையோ ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ விலகியவர் கோரலாம் என்பது சட்டத்தின் பொதுவிதி.

நான்காவது, இறப்பு. வாரிசுகள் கூட்டாளிகளாகச் சேர்க்கப்படுவரா, பணம் மட்டும் பெறுவரா என்பது தெளிவாதல் வேண்டும். கணக்கறியாத மனைவியும் பள்ளியில் பயிலும் பிள்ளைகளும் பிறர் வாய்மொழியை நம்பி நிற்கும் நிலை நேரலாகாது.

இவற்றோடு நிறுவனத்தைப் பதிவு செய்தலும் இன்றியமையாதது. பதிவு பெறாத நிறுவனம், பொதுவாக, ஒப்பந்த உரிமைகளுக்காக வெளியார்மீது வழக்குத் தொடர இயலாது. வரம்புடைய பொறுப்பை விரும்புவோர்க்கு 2008ஆம் ஆண்டின் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் வேறொரு வழியைத் தருகிறது.

முடிவுரை

பிரியும் நாளில் விலகுபவர் மிகுதி கேட்பார். இருப்பவர் குறைவே தர விழைவார். தொடங்கும் நாளிலோ, விலகப்போவது எவர் என்பதை எவரும் அறியார். ஆதலின் இருவர்க்கும் பொதுவான நீதி அன்றுதான் எளிதில் எழுதப்படும். பஞ்சாயத்தில் அமர்ந்து பிணக்குத் தீர்க்கும் பெரியோர், கடை திறப்பு விழாவிற்கு வாழ்த்தச் செல்லும்போதே ‘ஒப்பந்தம் எழுதினீர்களா?’ என்று வினவுவாராயின், பின்னாளில் அமர வேண்டிய பஞ்சாயத்துகள் பல குறையும். வணிகவியல் பயிலும் மாணவர்களும் பாடநூலில் காணும் கலைப்புக் கணக்கைத் தேர்வோடு மறந்துவிடாமல், தம் இல்லத்தார் வணிகம் தொடங்கும்போது எடுத்துரைப்பாராக. வணிகம் முடிந்தாலும் உறவு முடியாமல் இருக்க அது துணைசெய்யும்.